பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்

ஒரு பெண்மணி செய்யாத தவறை அவர் செய்ததாக எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். தெரிந்தே செய்தேன். அப்போது எனக்கு அறுபத்தொன்பது வயது. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் வயதல்ல. கம்ப்யூட்டர் நிறுவனங்களில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஓய்வுக்குக் கொடைக்கானல் வந்தவன் நான். ஒரு நிரல் எந்த இடத்தில் தவறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழிலாக இருந்தது. இங்கேயும் கண்டுபிடித்தேன். பிறகு மறைத்தேன்.

அந்தப் பெண்மணியைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்டேன். "என் பேரு ஒரு தடவ பேப்பர்ல ஏறினது போதும் சார்" என்றார். அதனால் போடவில்லை.

இங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பதிவு கவுண்ட்டரில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர். நோயாளிகள் முதலில் அவரிடம்தான் வர வேண்டும். பெயர், ஊர் சொல்லி சீட்டு வாங்கிக்கொண்டுதான் டாக்டரைப் பார்க்க முடியும். அதனால் கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள மேல்மலை ஊர்க்காரர்கள் அவரை சீட்டக்கா என்று கூப்பிடுவார்கள். வில்பட்டியிலிருந்து வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். எந்த மாதமானாலும் அதே காபிக்கொட்டை நிற ஸ்வெட்டர். விரல்கள் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று அதன் கையை மணிக்கட்டுக்கு மேலே மடித்து விட்டிருப்பார். கழுத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி, முகத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாகப் போட்டுக்கொள்ளலாமே என்று கண் டாக்டர் சொன்னாராம். "ஒண்ணுக்குள்ள ரெண்டு சோலியத் திணிச்சா ரெண்டும் உருப்படாது டாக்டர்" என்று வந்துவிட்டார்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. எதையும் தனியாகப் பார்த்து முடிவு செய்ய மாட்டார். அதைப் போன்ற இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். ஒருமுறை கடைவீதியில், ஸ்வெட்டர் விற்கும் பாய் கடையில் நானும் நின்றிருந்தேன். அவர் படியேறும்போதே பாய் உள்ளே குரல் கொடுத்தார்.

"ஏலே, சீட்டக்கா வர்றாங்க. எதை எடுத்தாலும் ரெண்டா எடுத்துப் போடு. ஒண்ணக் காட்டினா பாத்துட்டுப் போயிருவாங்க."

"ஒத்தையாப் பாத்தா எல்லாமே நல்லாத்தான் பாய் இருக்கும்" என்றார் அவர். இரண்டு மஃப்ளர்களை மேசையில் நீட்டிப் போட்டு, விளிம்பு விளிம்பாகத் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டும் வேண்டாம் என்று இறங்கிப் போனார்.

"பாத்தீங்களா சார்?" என்று பாய் என்னிடம் முறையிட்டார். "இவங்க பொண்ணு பாக்கப் போனா கல்யாண மண்டபத்துல ரெண்டு மேடை போடணும்."

டாக்டர்களாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது. மருந்துச் சீட்டு அவர் கையைத் தாண்டிப் போகும்போது, போன மாதச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். ஒரு நாள் டாக்டர் அறைக்குள்ளேயே போய் நின்றார். "போன மாசம் காலைல ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க டாக்டர், இப்ப ரெண்டுன்னு இருக்கு. நீங்க கூட்டினீங்களா, இல்ல பேனா கூட்டிருச்சா?" டாக்டருக்கு முகம் சிவந்தது. வாங்கிப் பார்த்தார். ஒன்று என்று திருத்தினார்.

இந்தக் குணம் அந்த கவுண்ட்டருக்கு எவ்வளவு தேவை என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை. பூம்பாறைக் கோயிலில் இருப்பவர் குழந்தை வேலப்பர். அவரை வேண்டிப் பிறந்த பிள்ளைகளுக்கு மேல்மலையில் குழந்தைவேல் என்றுதான் பெயர். அப்பாவுக்கும் வேலப்பன் என்று இருக்கும். கவுஞ்சி ஊருக்குள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு ஒருவர் திரும்பிப் பார்ப்பார். மன்னவனூரிலும் அப்படித்தான். பிறந்த தேதி கேட்டால், "மழை பெஞ்சு ரோடு அத்துக்கிட்டுப் போச்சே, அந்த வருசம்" என்பார்கள். சீட்டக்கா விசாரிப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

"பேரு?"

"குழந்தைவேலு."

"ஊரு?"

"கவுஞ்சி."

"அப்பா பேரு வேலப்பன்னு சொல்லப் போறீங்க. எந்த வேலப்பன்?"

"மேலத் தோட்டம். உருளைக்கெழங்கு போடுவோம்ல."

"எல்லாருந்தான் போடுறீங்க. போன தடவ எதுக்கு வந்தீங்க?"

"முள்ளு குத்திக் கால் வீங்கி வந்தேன்."

"இந்தா, இவருக்கு முள்ளு இல்ல, இருமலு. இது வேற குழந்தைவேலு. இருங்க, உங்களத் தேடி எடுக்கேன்."

அப்போது கம்ப்யூட்டரில் ஒரு பழைய நிரல் இருந்தது. பார்க்க அசிங்கமாக, அழுக்கு நீலத்தில் இருக்கும். ஆனால் ஒரு விசையைத் தட்டினால் ஒருவருடைய பதிவுக்குப் பக்கத்திலேயே இன்னொருவருடைய பதிவு திறக்கும். அவர் இரண்டு குழந்தைவேல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீபோர்டைப் பார்க்காமல், எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டுவார். மவுஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அதன் மேல் ஸ்வெட்டரிலிருந்து விழுந்த பட்டன் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார்.

இந்த இடத்தில் நான் வருகிறேன். ஊர் ஊராகப் போகும் நர்ஸுகளுக்காக ஒரு ஃபோன் செயலி செய்து கொடுத்திருந்தேன். இலவசமாகத்தான். அது நன்றாகவே இருந்தது. நடந்துகொண்டே கட்டைவிரலால் குத்துவதற்கு ஏற்றபடி பெரிய பெரிய பொத்தான்கள். ஒரு நேரத்தில் ஒரு நோயாளி. எல்லோரும் பாராட்டினார்கள். அதையே கவுண்ட்டரில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவர முடியுமா என்று நிர்வாகி கேட்டார். ஒரே வாரத்தில் முடித்தேன். முடித்தேன் என்பதைவிட, ஃபோனை அப்படியே தூக்கிக் கம்ப்யூட்டருக்குள் வைத்தேன் என்பது சரி. அகலமான திரையின் நடுவே ஃபோன் அளவுக்கு ஒரு பட்டை. இரண்டு பக்கமும் வெறும் சாம்பல் நிறம். மேலே மெனு கிடையாது. கீபோர்டால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. இன்னொரு விண்டோ திறக்காது. அச்சடிக்க வேண்டுமென்றால் மூன்று இடத்தில் குத்த வேண்டும்.

முதல் நாள் அவர் கிட்டத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் பார்த்தார்.

"சார், ரெண்டு பக்கமும் காடு சும்மா கெடக்கே. நடுவுல ஒத்தப் பாத்திதான் போடுவீங்களா?"

"அது அப்படித்தான்மா. ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி இருக்கணும். அதுதான் வசதி."

"யாருக்கு சார் வசதி?"

எனக்குத்தான் வசதி. ஆனால் அதைச் சொல்லவில்லை. "கொஞ்ச நாளில் பழகிடும்" என்றேன்.

"பழகுறதுக்கு என்ன சார்! செருப்பக் கையில மாட்டிக்கிட்டு நடக்கக்கூடப் பழகிரலாம்."

பக்கத்திலிருந்த பார்மசிக்காரர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. சீட்டக்கா கேட்டது காதில் ஏறவில்லை.

அதன்பின் வாரம் தவறாமல், பழைய சீட்டுகளின் பின்புறத்தில் தனக்கு வேண்டியதை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். ரெண்டு பேரைப் பக்கத்துல வச்சுப் பாக்க எடம் வேணும். கீபோர்டிலேயே எல்லாம் முடியணும், மவுசுக்குக் கை போனா ஆளு மொகம் தப்பிப் போகுது. மூடும்போது, சேத்து வைக்கவான்னு ஒரு வார்த்த கேக்கணும். தப்பா அடிச்சா ஒரு படி பின்னால வர வழி வேணும். இப்படிக் குண்டு குண்டான எழுத்தில் வரும். நான் வாங்கிக் கோட்டுப்பையில் போட்டுக்கொள்வேன். கீபோர்டுக்காரர்களின் பிடிவாதம் என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். கொஞ்ச நாளில் அவரைப் பார்ப்பதே எரிச்சலாகிவிட்டது. கவுண்ட்டர் வழியாகப் போகாமல், பின்புறம் துணி அறைப் பக்கமாக நுழைந்து நிர்வாகி அறைக்குப் போகப் பழகினேன்.

ஒரு நாள் என்னை அந்தப் பின்வழியிலேயே வந்து பிடித்தார்.

"சார், ஒரு குழந்தைவேலத் தொறந்தா இன்னொரு குழந்தைவேலு மூடிக்கிறாரு. நான் மாத்தி மாத்தித் தொறந்து பாத்துக்கிட்டே இருக்கேன். கூட்டம் நிக்கிது. என்னைக்காச்சும் தப்பாப் போயிருமோன்னு பயமா இருக்கு."

"கவனமா இருந்தால் ஒண்ணும் ஆகாதும்மா."

இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

மன்னவனூர் குழந்தைவேல் ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாது. வேறு ஊரில் போட்டு உடம்பு தடித்துவிட்டதாம். அவர் சொன்னதும் சீட்டக்கா அதைக் குறிப்பில் எழுதினார். எழுதிவிட்டு, ஆள் இவர்தானா என்று உறுதிசெய்ய, வழக்கம்போலக் கவுஞ்சி குழந்தைவேலின் பதிவைத் திறந்து பார்த்தார். திரும்பி வந்தார். குறிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. சரிதான் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அதே மன்னவனூர்க்காரர், கையில் ஆழமான வெட்டுக்காயத்தோடு வந்தார். டாக்டர் பதிவைப் பார்த்தபோது எந்தக் குறிப்பும் இல்லை. அந்த ஊசியே போடப்பட்டது. சற்று நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது. எப்படியோ பிழைத்துக்கொண்டார். குறிப்பு கவுஞ்சிக்காரர் பெயரில் பத்திரமாக இருந்தது.

நிர்வாகி என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். எந்த நொடியில் எது நடந்தது என்று நிரல் தானே எழுதி வைக்கும் உள்பதிவுகளை அன்று மத்தியானமே எடுத்துப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. இந்த மலையில் சிக்னல் அடிக்கடி போய்விடும். நர்ஸ் எழுதியது வீணாகக் கூடாது என்று, எழுதுவதெல்லாம் சில நொடிகளில் தானே பதிவாகும்படி ஃபோனுக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். கம்ப்யூட்டரில் ஒருவர் பதிவிலிருந்து இன்னொருவர் பதிவுக்கு வேகமாக மாறினால், பெயர் மாறும், எழுதிக்கொண்டிருந்த குறிப்பு மட்டும் மாறாமல் நிற்கும். நிரல் அதைப் புதிய பெயருக்குக் கீழே பதிந்துவிடும். ஒருமுறை பதிந்ததை மறுபடி பதியாது என்பதால், திரும்பி வந்தபோது அவர் கண்ணுக்குத் தெரிந்தது திரையில் நின்ற எழுத்து மட்டும்தான். அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஃபோனில் யாரும் அப்படி மாற்றி மாற்றிப் பார்ப்பதில்லை. மாற்றி மாற்றிப் பார்க்கும்படி அவரை வைத்தது என் ஒற்றைப் பட்டை. தவறு முழுவதும் என்னுடையது.

அடுத்த வாரம் வேறு ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து நிரலைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. என் வாழ்க்கையில் கடைசியாக ஒரு நல்ல பெயர். "பதிவு எழுத்தர் தவறான நோயாளியின் பெயரில் குறிப்பைப் பதிந்துள்ளார். மென்பொருளில் பிழை ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

விசாரணை நிர்வாகி அறையில் நடந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இவ்வளவு வருஷ சர்வீஸ். கவனமா இருந்திருக்க வேண்டாமா?" என்று நிர்வாகி கேட்டார்.

"கவனமா இருந்ததாலதாங்க இன்னொருத்தரத் தொறந்து பாத்தேன்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், உள்ள போயி நல்லாப் பாத்தீங்களா? மிசினு மேல ஒண்ணும் இல்லியா?"

"பார்த்தேன்மா. இல்லை."

"நீங்களே பாத்துட்டீங்கன்னா சரிதான் சார்."

என்னை நம்பினார். வாதாடியிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

அவரைத் துணி அறைக்கு மாற்றினார்கள். படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்கும் வேலை. உத்தரவுக் காகிதத்தோடு என் அறிக்கையின் நகல் ஒன்றும் இணைத்துக் கொடுத்தார்கள். நான் மறுபடியும் முன்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன். பின்வழியில் இப்போது அவர் இருந்தாரே. சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். துணி அறையிலும் இரண்டு விரிப்புகளை விரித்துப் போட்டு, சலவைக்காரர் ஏதோ ஓட்டல் விரிப்பை நம்முடையதோடு கலந்து கொடுக்கிறார் என்று கண்டுபிடித்தாராம். இது அவர் போன பிறகு பார்மசிக்காரர் சொன்னது.

என் மனம் தானாகத் திருந்தியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. அவர் இடத்துக்கு வந்த ஜெசிந்தா என்ற பெண்மணி ஒரு நாள் காய்ச்சலென்று வரவில்லை. ஆள் கிடைக்கவில்லை. நான் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை, மேல்மலை பஸ் வந்து நின்றதும் வரிசை வாசல்வரை போயிற்று. மூன்றாவது ஆள் குழந்தைவேல். ஐந்தாவது ஆளும் குழந்தைவேல். ஒருவரைத் திறந்தால் மற்றவர் மறைந்தார். மவுஸைத் தேடிக் கையைக் கொண்டுபோவதற்குள் யார் என்ன சொன்னார் என்று மறந்தது. தவறி ஓரிடத்தில் குத்தியதும் பத்து நிமிடம் எழுதியது அழிந்து, வெற்றுக் கட்டமே தானாகப் பதிவாகிவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த நிரல். "வெரசா குடுங்க சார், திரும்பிப் போற பஸ்ஸு போயிரும்" என்று ஒரு பாட்டி கத்தினார். எந்த மடையன் இதைச் செய்தான் என்று வாய்விட்டே திட்டினேன். வரிசையில் நின்ற சிலர் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பழைய கோட்டுப்பைகளைத் தேடினேன். அவர் கொடுத்த சீட்டுகளில் பதினேழு கிடைத்தன. மேசையில் வரிசையாகப் பரப்பினேன். அவர் கேட்டதில் அதிகப்படியாக ஒன்றுகூட இல்லை.

நிரலைத் திருத்தி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. பொத்தான்களைச் சிறிதாக்கி மேலே ஒரு மெனு வைத்தால் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் ஆணிவேரைத் தொட்டது. ஒரே திரை, ஒரே நோயாளி, ஒரே விரல் என்று அடித்தளத்திலேயே முடிவுசெய்து கட்டியிருந்தேன். இரண்டாவது விண்டோவைத் திறந்தால் முதலாவது தன்னை மறந்துபோகும். கீபோர்டில் அடுத்த கட்டத்துக்குப் போகச் சொன்னால் எங்கோ மூலைக்கு ஓடும். பின்னால் வரும் வழி வைத்தால் தானே பதியும் ஏற்பாடு அதோடு சண்டை போடும். பல நாள் எழுதியதையெல்லாம் அழித்தேன். ஒரு வாரத்தில் மாட்டியதைக் கழற்ற எட்டு மாதம். ஆனாலும் பதினேழு சீட்டிலும் இருந்ததை முடித்தேன்.

பிறகு நடந்ததை நடந்தபடி எழுதி, உள்பதிவின் நகலையும் இணைத்து, கையெழுத்திட்டு நிர்வாகியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"முடிஞ்சுபோன விஷயம் சார். இதை இப்ப ஏன் கிளறணும்?"

"அவங்களைத் திரும்பக் கூப்பிடணும்."

"அந்த இடத்தில் ஆள் இருக்காங்களே. இது ஃபைலில் இருக்கட்டும்." இழுப்பறை மூடியது. என் மேல் கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். புதிய நிரலைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மட்டும் அனுமதித்தார். ஜெசிந்தா பழைய பழக்கப்படி ஒரே விண்டோவிலேயே வேலை செய்தார். இரண்டாவதைத் திறக்க முடியும் என்று சொல்லப் போனால், "இதுவே போதும் சார், அடுத்த ஆளு நிக்கிறாங்க" என்றார்.

கடிதத்தின் நகலையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு வில்பட்டிக்குப் போனேன். வீட்டு முன்னால் சாக்கை விரித்து மலைப்பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அதே ஸ்வெட்டர். "வாங்க சார்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கடிதத்தை நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். உடனே படிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். அதில் என் பழைய அறிக்கையின் நகல் இருந்தது. இரண்டையும் சாக்கின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். காற்றுக்குப் பறக்காமல் இரண்டின் மேலும் ஒவ்வொரு பூண்டை வைத்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு, இதில் ஒரு வரி, அதில் ஒரு வரி என்று படித்தார். நெடுநேரம் ஆயிற்று.

"ரெண்டும் ஒரே கையெழுத்துதான் சார்" என்றார்.

இரண்டு தாள்களையும் சேர்த்து மடித்து அந்தக் கவருக்குள் வைத்தார்.

"அன்னைக்கு நீங்க பாத்துட்டேன்னு சொன்னப்புறம் நான் என் கையவே நம்பல சார். அடுப்ப அணைச்சேனான்னு மூணு தடவ எந்திரிச்சுப் போயிப் பாப்பேன். பஸ்ஸுல சில்லற குடுத்துட்டு, குடுத்தேனான்னு கண்டக்டர்கிட்டயே கேப்பேன். கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு மகன் சொன்னான்."

"மன்னிச்சிடுங்கம்மா."

"அதக் கொண்டாங்க" என்று மடிக்கணினியைக் காட்டினார்.

மடியில் வைத்துக்கொண்டார். சொல்லிக்கொடுக்கக் குனிந்தேன். தேவைப்படவில்லை. விரல்களால் தேடி, தட்டி, ஒரு குழந்தைவேலைத் திறந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு குழந்தைவேலைத் திறந்தார். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. எதிரில் நின்ற என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்ததை நடுவில் மூடினார். சேத்து வைக்கவா என்று நிரல் கேட்டது. அவர் எழுதிக் கொடுத்த வார்த்தைகளையே போட்டிருந்தேன். லேசாகத் தலையாட்டினார். எனக்கு நெஞ்சு லேசானது. அது ஒரு நிமிடம்தான்.

"மேல என்ன சார் எழுதியிருக்கு?"

இரண்டு விண்டோக்களின் தலைப்பிலும் நிரலின் பெயரைப் போட்டிருந்தேன்.

"ரெண்டுக்கும் ஒரே தலப்பு வச்சா எது யாருன்னு எப்படித் தெரியும்? ஊர் பேரப் போடுங்க. மன்னவனூரு, கவுஞ்சின்னு. அத முன்னாடியே எழுதிக் குடுக்காம விட்டுட்டேன்." மடிக்கணினியை மூடித் திருப்பிக் கொடுத்தார். "நிரலு கெடக்கட்டும். மன்னவனூர்க்காரர்ட்ட சொன்னீங்களா?"

"யாரிடம்?"

"ஊசி போட்டுச் சாகக் கெடந்தாரே, அவருட்ட. அவரு இன்னைக்கும் தப்புப் பண்ணது நாந்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. ஆபீசுல இழுப்பறையில எழுதி வச்சு எனக்கு என்ன சார்?"

அப்படி ஒருவர் இருப்பதே எனக்கு மறந்திருந்தது.

மறுவாரம் மேல்மலை பஸ் பிடித்து மன்னவனூர் போனேன். குழந்தைவேல் கேரட் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். குழாயை நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"அந்த அம்மா இங்க வந்துச்சு சார். நான் வீட்டுக்கு வந்த மறுநாளே. ஆஸ்பத்திரில இருந்து வந்தது அது ஒண்ணுதான். தப்பு ஆயிருச்சுங்க, எப்படின்னு எனக்கே தெரியலங்கன்னு கையெடுத்துக் கும்புட்டுச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. வாசல்ல நிக்க வச்சு, தெருவே கேக்க, வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். கூலி வாங்கிக்கிட்டுக் கொல்றவன்னு சொன்னேன். தண்ணி குடிக்கீங்களான்னு கேட்ட எம் பொஞ்சாதியையும் அடக்கிட்டேன்." ஈரக் கையால் முகத்தைத் துடைத்தார். "இப்ப வந்து நீங்கதான்னு சொல்றீங்க. நான் பேசினத நான் எங்க போயி அள்ள?"

நான் செய்த தவறு என்னோடும் சீட்டக்காவோடும் முடிந்தது என்று எண்ணியிருந்தேன். முகம் தெரியாத ஒருவரையும் தவறு செய்ய வைத்திருக்கிறேன். "நானும் உங்களோட வில்பட்டிக்கு வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்க வேணாம்" என்றார்.

அவர் வில்பட்டிக்குப் போனாரா, என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தலைப்பில் ஊர்ப் பெயரைச் சேர்த்தேன். அது அரை நாள் வேலை.

போன மாதம் அச்சு இயந்திரம் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள். கவுண்ட்டருக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் மன்னவனூர் குழந்தைவேல் வந்தார். ஜெசிந்தா பெயர், ஊர் கேட்டு, பதிவைத் திறந்து, சீட்டை அச்சுக்குக் கொடுக்கப் போனார்.

"இரு தாயி" என்றார் குழந்தைவேல். "கவுஞ்சியில ஒரு குழந்தைவேலு இருக்காரு. அவரையுந் தொறந்து எம் பக்கத்துல வச்சுப் பாரு. அப்புறமாச் சீட்டுக் குடு."

"நீங்கதான்னு சொல்லிட்டீங்களே ஐயா. பின்னால ஆளு நிக்கிறாங்க."

"நிக்கட்டும். பக்கத்துல வச்சுப் பாக்காமச் சீட்டு வாங்க வேணாம்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க."

அவர் நகரவில்லை. வரிசை முணுமுணுத்தது. ஜெசிந்தா என்னைப் பார்த்தார். "இதுல ரெண்டு பேரு சேந்து வருமா சார்?"

எந்த விசையைத் தட்ட வேண்டும் என்று சொன்னேன். தட்டினார். இரண்டு பதிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. மேலே மன்னவனூர் என்று ஒன்று, கவுஞ்சி என்று ஒன்று. இரண்டு பக்கமும் சாம்பல் நிறம் இல்லை.

"அட, நல்லா இருக்கே" என்றார் ஜெசிந்தா. "யார் சார் இப்படி வைக்கச் சொன்னது?"

சீட்டக்காவின் சொந்தப் பெயரைச் சொன்னேன். அவர் துணி அறைக்குப் போன நாளிலிருந்து அந்தப் பெயரை நான் அந்த கவுண்ட்டரில் சொன்னதில்லை. வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு முறையும் சொன்னேன்.

குழந்தைவேல் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எக்கி நின்று, திரையில் இருந்த இரண்டு ஊர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சீட்டுக்குக் கையை நீட்டினார்.